தொட்டாச்சிணுங்கிப் பிள்ளையை ஆற்றப் பழக்குவது: யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒரு படிமுறை

ஒன்றரை வயதுக்கும் நாலு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை. மற்றப் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு நிற்கிற இடத்தில் காதைப் பொத்திக்கொண்டு கத்தும். சட்டைக் கழுத்தில் தைத்த லேபிள் உறுத்தினால் அரை மணித்தியாலம் அழும். வீட்டில் ஆராவது குரலை உயர்த்தினால் தனக்குத்தான் பேச்சு என்று விம்மும். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படியென்றால் இது உங்களுக்கு.

சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே சுபாவம் இப்படித்தான். அதை மாற்ற முடியாது, மாற்றத் தேவையும் இல்லை. பொங்கி வரும் உணர்ச்சியை அடக்கி ஆளும் மூளைப்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே இரண்டு வயதுப் பிள்ளையிடம் "அழுகையை நிப்பாட்டு" என்பது அதால் முடியாத ஒன்றைக் கேட்பது. முதலில் நாங்கள் ஆற்ற வேண்டும். திரும்பத் திரும்ப ஆற்றுப்பட்ட பிள்ளைதான் பிறகு தானாக ஆறப் பழகும். பழக்குகிற வேலை அழுகை இல்லாத நேரத்தில் நடக்கிறது. அழும் நேரத்தில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்.

செலவு: ஒரு அப்பியாசக் கொப்பி, ஒரு சோப்புக் குமிழிப் போத்தல், விரும்பினால் பிள்ளைகளுக்கான காதுக்கவசம். அரச மருத்துவ சேவை இலவசம். காலம்: வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நடந்தால் சில கிழமைகளில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். அழுகை எத்தனை தரம் வருகிறது என்பது அவ்வளவு கெதியில் குறையாது. எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது என்பதுதான் முதலில் மாறும்; அதைப் பாருங்கள்.

1. முதலில் உடம்பைப் பாருங்கள்

"குணம்" என்று முடிவு கட்ட முன்னர் நித்திரை, பசி, இரும்புச்சத்து, மலச்சிக்கல், காது, பல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

ஒன்று முதல் இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 தொடக்கம் 14 மணித்தியாலம், மூன்று வயதுக்கு மேல் 10 தொடக்கம் 13 மணித்தியாலம் நித்திரை வேண்டும். எங்கள் வீடுகளில் இது குழம்புவது இரவில்தான். நாடகம் முடியும் மட்டும் ரீவி ஓடும். அல்லது வெளிநாட்டில் இருக்கும் அப்பாவின் வீடியோ அழைப்புக்காகப் பிள்ளையைப் பத்தரை மட்டும் முழிக்க வைத்திருப்போம். அழைப்பைப் பிள்ளையின் நேரத்துக்கு மாற்றுங்கள், காலையில் பேசலாம். அப்பாவின் முகத்தைக் கண்டதும் பிள்ளை திரும்பி ஒளித்தால் "உம்மா குடு, உம்மா குடு" என்று பிடித்து நீட்ட வேண்டாம். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்க, போனைப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு அப்பாவைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். தானாகவே ஒரு விளையாட்டுச் சாமானைக் கொண்டுவந்து காட்டும்.

இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை எதற்கும் சிணுங்கும். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம், ஏனென்றால் தேயிலை இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பசும்பாலோ மாப்பாலோ நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் போனால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமிராது. மீன், ஈரல், முட்டை, பயறு, கீரை கொடுங்கள். கூடவே கொஞ்சம் தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். பூச்சி மருந்து (குடற்புழுவுக்குக் கொடுப்பது) எப்போது என்று கிளினிக்கில் கேளுங்கள். இரும்பு மருந்தைச் சோதனை இல்லாமல் நீங்களாகப் பார்மசியில் வாங்கிக் கொடுக்கக்கூடாது; அளவு கூடினால் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து.

இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் கடைசிக் கடைவாய்ப் பல் முளைக்கும். அந்த நாட்களில் வரும் எரிச்சலைப் பல்லின் கணக்கில் எழுதுங்கள்.

2. இரண்டு கிழமைக்கு எழுதி வையுங்கள்

அப்பியாசக் கொப்பியில் ஐந்து நிரல் கீறுங்கள்: நேரம்; அதற்குச் சற்று முன்னர் என்ன நடந்தது; கடைசியாக எப்போது சாப்பிட்டது, நித்திரை கொண்டது; நாங்கள் என்ன செய்தோம்; ஆற எத்தனை நிமிடம். நினைவில் வைத்திருக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். நினைவில் நிற்பது மோசமான அழுகை மட்டும்தான். எந்நேரம் வருகிறது என்ற ஒழுங்கு நிற்காது.

இரண்டு கிழமை முடியக் கொப்பியைப் பின்னோக்கிப் படித்தால் அனேகமாக மூன்று நாலு இடங்களில் கூட்டம் தெரியும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, தலைக்குக் குளிக்க வார்க்கும்போது, நித்திரையால் எழும்பினவுடன், விளையாட்டை விட்டு வெளிக்கிடும்போது. "எந்நேரமும் கத்துது" என்றிருந்தது "பகல் நித்திரை இல்லாத நாளில் பின்னேரம் கத்துது" என்று சுருங்கினாலே பாதி வேலை முடிந்தது. இந்தக் கொப்பி ஏழாம் படியில் மருத்துவருக்கும் தேவைப்படும். எறிய வேண்டாம்.

3. பாரத்தைக் குறையுங்கள்

சுலபமாகக் குறைக்கக் கூடியதை முதலில் குறையுங்கள். சட்டை லேபிளைத் தையலோடு ஒட்ட வெட்டுங்கள். அரைகுறையாக வெட்டினால் மிச்சம் இன்னும் கூர்மையாகக் குத்தும். பட்டுப் பாவாடைக்கு உள்ளே பழகிய பருத்திச் சட்டை போடுங்கள். தலைக்கு வார்க்கும்போது கண்ணில் தண்ணீர் படாமல் நெற்றியில் துவாயை மடித்துப் பிடியுங்கள். ஆள் இல்லாமல் பின்னால் ஓடும் ரீவியை நிப்பாட்டுங்கள்.

கடினமானது வெளி நிகழ்ச்சி. கலியாண மண்டபம், கோயில் ஒலிபெருக்கி, கெட்டிமேளம், வெடி. நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கிறது. தேரன்றுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கூட்டம் குறைந்த ஆரம்ப நாளொன்றில், வெயில் ஏற முன்னர், அரை மணித்தியாலம் போய் வந்தால் போதும். லண்டனிலோ கனடாவிலோ இருந்து லீவுக்கு வந்த பிள்ளையென்றால் நேரமாற்றமும் வெக்கையும் வேறு சேர்ந்திருக்கும். முதல் கிழமையில் ஒன்றும் வேண்டாம்.

கலியாணத்துக்குப் போனால் தவில், நாதஸ்வரத்துக்கும் ஸ்பீக்கருக்கும் தூரமாய், பக்க வாசலோடு இருங்கள். முன்வரிசையில் கூப்பிட்டு இருத்துவார்கள். "பிள்ளைக்குக் காத்து வேணும்" என்று சொன்னால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். காதைப் பஞ்சால் அடைக்காதீர்கள், உள்ளே போய்ச் சிக்கும். தலையைச் சுற்றிப் போடும் காதுக்கவசம் வாங்கினால் ஒரு கிழமை வீட்டில் விளையாட்டாகப் போட்டுப் பழக்கிவிட்டே கொண்டுபோங்கள். மண்டபத்தில் முதன்முதலாகப் போட்டால் அதுவே அடுத்த அழுகைக்குக் காரணமாகும்.

வெடிக்க முன்னர் அறிகுறி வரும். காதைத் தேய்க்கும், விரல் சூப்பும், உங்கள் தோளில் முகத்தைப் புதைக்கும். பலர் கவனிக்காதது ஒன்று: அளவுக்கு மிஞ்சிய புளுகம். கீச்சிட்டுச் சிரித்துச் சுற்றிச் சுற்றி ஓடும். "பாருங்கோ, இப்ப சந்தோசமா இருக்கிறான்" என்று எல்லாரும் சொல்வார்கள். அதற்கு அடுத்ததுதான் அழுகை. அந்த ஓட்டம் தொடங்கியதுமே வெளியே கொண்டுபோங்கள்.

ஏடு தொடக்கும் நாளுக்குத் தனி ஆயத்தம் வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, அரிசியில் அழுத்தி எழுத வைக்கிறார். சுற்றிவர ஆட்கள், கமரா. ஒரு கிழமைக்கு முன்னரே தட்டத்தில் அரிசி பரப்பி வீட்டில் விரலால் கீறி விளையாடுங்கள். கோயிலில் உங்கள் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு எழுத வைக்க முடியுமா என்று ஐயரிடம் முதலே கேளுங்கள். விசயதசமிக் கூட்டத்துக்குள் வரிசையில் நிற்காமல் வேளையோடு போங்கள்.

4. அழுகை வெடித்த பிறகு

ஒழுங்கு இதுதான்.

முதலில் உங்கள் மூச்சு. ஒரு தரம் நீளமாக வெளியே விடுங்கள். உங்கள் குரல் ஏறினால் பிள்ளையின் குரல் அதற்கு மேலே ஏறும்.

இரண்டாவது, பாதுகாப்பு. படிக்கட்டு, கிணற்றடி, அடுப்படி, வீதி என்றால் பேசாமல் தூக்கிக்கொண்டு விலகுங்கள். தலையை நிலத்தில் அடித்தால் தலையணையை அல்லது உங்கள் கையைக் கீழே வையுங்கள்.

மூன்றாவது, நிலத்தில் இருங்கள். உங்கள் முகம் பிள்ளையின் முகத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் நல்லது. சொல்வது ஒரு வசனம்: "கோவம் வந்திட்டுது என்ன. அம்மா இஞ்சதான் இருக்கிறன்." பிறகு வாயை மூடுங்கள். கேள்வி வேண்டாம், "என்ன வேணும்? ஏன் அழுகிறாய்? ஆர் அடிச்சது?" என்று கேட்கக் கேட்கக் கூடும். பதில் தேடும் நிலையில் பிள்ளை இல்லை.

நாலாவது, தொட விட்டால் அணையுங்கள். தள்ளினால் ஒரு கை தூரத்தில் இருங்கள். எழும்பிப் போக வேண்டாம். அடிக்க வந்தால் கையை மெதுவாகப் பிடித்து, "அடிக்க விடமாட்டன்." திருப்பி அடிப்பதும், "நோகுதா இல்லையா பார்" என்று கடித்துக் காட்டுவதும், பெரிய ஆள் சின்ன ஆளை நோவிக்கலாம் என்பதைத்தான் படிப்பிக்கும்.

ஐந்தாவது, அழுகை விம்மலாக மாறியதும் தண்ணீர் கொடுங்கள், மடியில் வையுங்கள். புத்திமதி வேண்டாம். அன்று பின்னேரமோ நித்திரைக்கு முன்னரோ இரண்டு வசனத்தில் கதையாகச் சொல்லலாம்: "காலமை சிவப்புக் கோப்பை உடைஞ்சு போச்சு. உனக்குக் கவலை வந்திட்டுது."

கேட்டு அழுத சாமானைக் கொடுப்பதா? கொடுக்கலாம் என்றால் அழ முன்னரே கொடுங்கள். இல்லையென்றால் கடைசி வரைக்கும் இல்லைதான். பத்து நிமிடம் கத்தவிட்டுப் பிறகு கொடுத்தால் பத்து நிமிடம் கத்த வேண்டும் என்பது பாடமாகிவிடும். இப்படி உறுதியாக நிற்கத் தொடங்கிய முதல் சில நாட்களில் அழுகை முன்னரைவிடக் கூடும். "இது சரிவராது" என்று எல்லாரும் கைவிடும் இடம் அதுதான். கூடினபிறகுதான் இறங்கும்.

மூச்சுப் பிடித்து நீலம் பாய்ந்தால்: சில பிள்ளைகள் அழத் தொடங்கி மூச்சை விடாமல் பிடித்து, உதடு நீலித்து, சில வேளை மயங்கியும் போகும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாகவே மூச்சு வந்துவிடும். பக்கவாட்டில் கிடத்துங்கள். குலுக்க வேண்டாம், முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டாம், வாய்க்குள் விரலோ கரண்டியோ வைக்க வேண்டாம். முதல் தரம் வந்தால் கட்டாயம் மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துச் சோதனையையும் கேளுங்கள், குறைவு இருந்து மருந்து கொடுத்தால் பலருக்கு இது குறையும். ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சு வராவிட்டால், உடம்பு வெட்டி இழுத்தால், அழுகை இல்லாமலே மயங்கினால் உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

5. ஆறியிருக்கும் நேரத்தில் பழக்குவது

நாளுக்கு ஐந்து, பத்து நிமிடம் போதும்.

சொல் கொடுங்கள். பசி, களைப்பு, கோவம், பயம், கவலை, அந்தரம், புளுகம். மூன்று வயது வரைக்கும் இந்த ஏழும் போதும். உங்களுக்கு வரும்போதும் சொல்லுங்கள்: "கரண்ட் போட்டுது, அம்மாவுக்கு அந்தரமாக் கிடக்கு. கொஞ்சம் வெளியில இருப்பம்." பிள்ளை பார்த்துப் பழகும்.

ஊதப் பழக்குங்கள். "மூச்சை இழுத்து விடு" என்றால் இரண்டு வயதுக்கு விளங்காது. புட்டு ஆவி பறக்கும்போது ஊதி ஆற்ற விடுங்கள், குமிழி ஊத விடுங்கள். குமிழிக்கு வேகமாய் ஊதினால் உடையும், மெதுவாய் ஊதினால்தான் பெருக்கும். நீளமான மூச்சு தானாக வரும். சில கிழமை போக, சிணுங்கல் தொடங்கும்போது "புட்டை ஊதுவம்" என்றால் ஊதும். முழு அழுகைக்குள் ஊதாது, அப்போது கேட்காதீர்கள்.

உடம்புக்கு வேலை: இரண்டு கையாலும் சுவரைத் தள்ளுவது, தலையணையை அமத்துவது, தண்ணீர் நிரப்பிய சின்னப் போத்தலை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது. பின்னேர நேரத்துக்கு முன்னர் இதில் ஒன்றைச் செய்யுங்கள்.

ஒரு மூலை: பாய், தலையணை, அம்மாவின் பழைய சேலை, ஒரு படப்புத்தகம். அங்கே தண்டனையாக அனுப்பினால் அன்றோடு அந்த மூலை கெட்டது. நீங்களும் சேர்ந்து போய் இருங்கள்.

மாற்றத்தை முன்னரே சொல்லுங்கள். "இன்னும் அஞ்சு நிமிசம்" பிள்ளைக்கு ஒரு அளவே இல்லை. "இன்னும் ரெண்டு தரம் ஊஞ்சல், பிறகு செருப்பு" என்றால் விளங்கும். இரண்டில் ஒன்றைத் தெரிய விடுங்கள்: நீலச் செருப்பா, மஞ்சள் செருப்பா? "போவமா?" என்று கேட்க வேண்டாம், "வேண்டாம்" என்றுதான் வரும்.

6. வீட்டுப் பெரியவர்களை ஒரே பக்கம் கொண்டுவருவது

எல்லாப் படியிலும் இதுதான் கடினம். நீங்கள் ஒன்று செய்ய அம்மம்மா ஒன்று, மாமி ஒன்று செய்தால் பிள்ளைக்கு எதுவும் பதியாது. அதற்காக அம்மம்மாவுக்குப் பாடம் எடுக்கப் போகாதீர்கள். "உன்னை நான்தானே வளர்த்தனான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குறை சொல்லாமல் வேலை கொடுங்கள்: "அம்மா, அவன் கத்தேக்க நீங்கள் மடியில வைச்சுக்கொண்டு பேசாமல் தடவி விடுங்கோ, உங்கட கைக்குத்தான் ஆறுவான்." இது அனேகமாக உண்மையும்கூட.

நிப்பாட்ட வேண்டியவை: "பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகும்", "டொக்டர் ஊசி போடுவார்" (பிறகு கிளினிக் வாசலிலேயே கத்தும்), "ஆம்பிளைப் பிள்ளை அழுகிறதோ", "அம்மா விட்டிட்டுப் போயிடுவன்", அழும்போது வீடியோ எடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பிச் சிரிப்பது. இவற்றுள் "விட்டிட்டுப் போயிடுவன்" மிக மோசம். கூச்சப் பிள்ளை அதை நம்பும்.

பிராக்குக் காட்டுவது பற்றி. சின்னச் சிணுங்கலுக்குக் காகம் காட்டுவது, மாடு காட்டுவது பிழையில்லை. பிள்ளையைக் காகத்தைப் பார்க்க வைத்துவிட்டு அம்மா பின்கதவால் வேலைக்கு வெளிக்கிடுவதுதான் பிழை. அன்று அழுகை மிச்சம். அடுத்த நாளிலிருந்து நீங்கள் குசினிக்குப் போனாலும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வரும். சொல்லிவிட்டுப் போங்கள், ஒரே மாதிரி: கொஞ்சல், "பின்னேரம் தேத்தண்ணி நேரம் வருவன்", கை காட்டல், படலை. திரும்பி வந்து பார்க்க வேண்டாம்.

போனைக் கையில் கொடுத்தால் அழுகை நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆறப் பழகும் சந்தர்ப்பமும் அதோடு போய்விடும். போனை வாங்கும்போது இன்னொரு அழுகை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி ஒரு வயதில் திரையே வேண்டாம். இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது. போன் காட்டித் தீத்தும் வீடுகளில் இந்த மணித்தியாலம் காலைச் சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

நாவூறு கழிக்கிறார்களா, கழிக்கட்டும். செத்தல் மிளகாய்ப் புகை மட்டும் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டப் போக வேண்டாம்.

7. எப்போது, எங்கே காட்டுவது

காட்ட வேண்டிய அறிகுறிகள்: ஒரு வயதாகியும் மழலை இல்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை, முன்னர் பேசிய சொல், செய்த செயல் மறைந்து போகிறது, தன்னைத் தானே காயப்படுத்துகிறது, அழுகை பெரும்பாலும் 25 நிமிடத்தைத் தாண்டுகிறது, நாலு வயது தாண்டியும் குறையவில்லை. பழகியது மறைவது எந்த வயதிலென்றாலும் அந்தக் கிழமையே காட்டுங்கள். "வயசு போகச் சரிவரும், அப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர்" என்ற பேச்சில்தான் வருடம் போகிறது.

வழி: முதலில் உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தர். அவரூடாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக். அங்கிருந்து கடிதத்தோடு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை அல்லது கிட்டிய ஆதார வைத்தியசாலையின் குழந்தை மருத்துவக் கிளினிக். தேவையென்றால் காது கேட்டல் சோதனை, பேச்சுச் சிகிச்சை, உளநலப் பிரிவு என்று அவர்கள் அனுப்புவார்கள். தனியாரில் சனல் பண்ணினால் மருத்துவரின் கட்டணமும் வைத்தியசாலைக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு என்று பதியும்போதே கேளுங்கள். பயிற்சிச் சிகிச்சை என்றால் ஒரு தரம் எத்தனை நிமிடம், மாதம் எத்தனை தரம் என்பதையும் கேட்டுக் கணக்குப் பாருங்கள். ஒரு தரத்துக் காசு சின்னதாகத்தான் தெரியும்.

கொண்டுபோக வேண்டியவை: கிளினிக்கில் தந்த பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, முன்னர் வாட்டில் நின்றிருந்தால் அந்தத் துண்டு, இரத்தச் சோதனை முடிவுகள், இரண்டாம் படியில் எழுதிய கொப்பி, போனில் ஒரு அழுகையின் ஒரு நிமிட வீடியோ. மருத்துவர் முன்னால் பிள்ளை சாதுவாக இருக்கும். வீடியோ இல்லாவிட்டால் உங்கள் பேச்சு எடுபடாது. காலை வேளையோடு போங்கள், சாப்பாடும் விளையாட்டுச் சாமானும் எடுத்துப் போங்கள், கூட ஒராள் வந்தால் ஒருவர் வரிசையில் நிற்க மற்றவர் பிள்ளையோடு வெளியே மரத்தடியில் நிற்கலாம்.

பிள்ளையின் அழுகையால் உங்களுக்குக் கை ஓங்குகிறது, நித்திரை இல்லை, எல்லாம் வெறுத்துப் போகிறது என்றால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926. இது பெற்றோருக்கும்தான்.

8. முன்பள்ளியில் சேர்க்கும்போது

மூன்று வயதுத் தடுப்பூசியும் முன்பள்ளித் தொடக்கமும் ஒரே கிழமையில் வராமல் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் தடுப்பூசிப் பக்கத்தின் பிரதியும் எடுத்து வையுங்கள். மாதக் கட்டணத்தோடு சீருடை, விளையாட்டுப் போட்டி, கலைவிழா, சுற்றுலாவுக்கு வேறாக எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியமான கேள்வி: முதல் கிழமை பெற்றோர் உள்ளே இருக்கலாமா? "வாசலில விட்டிட்டுப் போங்கோ, ரெண்டு நாள் அழுதால் பழகிடும்" என்று சொல்லும் இடம் உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது. எழுத்து, இலக்கம் எழுதிக் காட்டச் சொல்லி நெருக்கும் இடமும் அப்படித்தான்.

முதல் நாள் அரை மணித்தியாலம் நீங்கள் கூட இருங்கள். பிறகு ஒரு மணித்தியாலம். பிறகு நீங்கள் பத்து நிமிடம் வெளியே போய் வாருங்கள், சொல்லிவிட்டு. ரீச்சருக்கு அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்தச் சத்தத்துக்குப் பயம், அழ முன்னர் என்ன செய்யும், எதற்கு ஆறும், மூத்திரம் வந்தால் என்ன சொல்லும்.

முன்பள்ளியில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு வீட்டுப் படலைக்குள் வந்ததும் கத்தத் தொடங்கும். காலை முழுக்க அடக்கி வைத்திருந்தது அது. முன்பள்ளி சரியில்லை என்று அவசரப்பட்டு நிப்பாட்டிவிட வேண்டாம். சப்பாத்தைக் கழற்றி, சாப்பிடக் கொடுத்து, முதல் அரை மணித்தியாலத்துக்கு "இண்டைக்கு என்ன படிச்சனீ?" என்று ஒருவரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.